புறவுடல் சவ்வு ஆக்சிசனேற்றம்

புறவுடல் சவ்வு ஆக்சிசனேற்றம் என்பது, இதயமோ நுரையீரலோ இரண்டுமோ கடுமையாகச் செயலிழந்த நோயாளியின் குருதியை உடலுக்கு வெளியே கொண்டுவந்து, அதில் ஆக்சிசனைச் சேர்த்து, கார்பன் டை ஆக்சைடை நீக்கி, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் உயிர்காப்பு முறையாகும். எக்ஸ்ட்ராகார்ப்போரியல் மெம்பிரேன் ஆக்சிசனேஷன் என்னும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து இது எக்மோ எனச் சுருக்கமாக அழைக்கப்படுகின்றது. தமிழ் இதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் இச்சுருக்கப் பெயரே வழங்குகின்றது.

எக்மோ எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை. சேதமடைந்த உறுப்பு தானாக மீள்வதற்கோ, மருந்து வேலை செய்வதற்கோ, மாற்று உறுப்பு கிடைப்பதற்கோ தேவையான காலத்தை மட்டுமே இது பெற்றுத் தருகின்றது. அக்காலம் சில நாட்களாகவோ, வாரங்களாகவோ, அரிதாகச் சில மாதங்களாகவோ இருக்கலாம். எனவே யாருக்கு, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பவையே இம்மருத்துவ முறையின் மையக் கேள்விகளாக உள்ளன.

பின்னணி

உடலின் ஒவ்வொரு உயிரணுவும் ஆக்சிசனைப் பயன்படுத்தி ஆற்றலைப் பெறுகின்றது. அதன் கழிவாகக் கார்பன் டை ஆக்சைடு உருவாகின்றது. உடலெங்கும் இருந்து சிரைகள் வழியாகத் திரும்பும் குருதியை இதயத்தின் வலப்பக்கம் நுரையீரலுக்கு அனுப்புகின்றது. அங்கே மிக மெல்லிய சுவர்களைக் கொண்ட நுண்காற்றுப்பைகளில் வளிப் பரிமாற்றம் நடைபெறுகின்றது. ஆக்சிசன் நிறைந்த குருதியை இதயத்தின் இடப்பக்கம் தமனிகள் வழியாக உடல் முழுவதற்கும் அனுப்புகின்றது.

நுரையீரல் அழற்சியால் நுண்காற்றுப்பைகளில் நீர் நிறைந்துவிட்டால் வளிப் பரிமாற்றம் தடைப்படுகின்றது. இந்நிலையில் முதலில் பயன்படுவது வென்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவியாகும். இக்கருவி காற்றை அழுத்தத்துடன் நுரையீரலுக்குள் செலுத்துகின்றது. ஆனால் வளிப் பரிமாற்றம் நடைபெறும் இடம் நுரையீரலாகவே இருப்பதால், நுரையீரலின் பெரும்பகுதி செயலிழந்த பின் இதனால் பெரிய பயன் விளைவதில்லை. மேலும், உயர்ந்த அழுத்தமும் மிகுந்த ஆக்சிசன் செறிவும் ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலை மேலும் சேதப்படுத்தக்கூடும். எக்மோ இச்சுழலை உடைக்கின்றது. வளிப் பரிமாற்றத்தை உடலுக்கு வெளியே நடத்துவதன் மூலம், நுரையீரலைக் குறைந்த அழுத்தத்தில் ஓய்வெடுக்க விடுகின்றது.

கருவியின் அமைப்பு

எக்மோ சுற்று ஒன்றில் பின்வரும் பகுதிகள் உள்ளன.

குழல்கள்: பெரிய சிரை ஒன்றில் இருந்து குருதியை வெளியே எடுக்க ஒரு குழலும், அதை உடலுக்குத் திருப்பி அனுப்ப மற்றொரு குழலும் பொருத்தப்படுகின்றன. பெரியவர்களுக்கான வெளியேற்றக் குழல் ஏறத்தாழ 7 முதல் 9 மி.மீ. வரை விட்டம் கொண்டது. பெரும்பாலும் தொடை அல்லது கழுத்துப் பகுதியில் உள்ள குருதிக் குழாய்களின் வழியாக இவை செலுத்தப்படுகின்றன.

பம்பு: முற்காலத்தில் குழாயை உருளைகளால் அழுத்திக் குருதியைத் தள்ளும் உருளைப் பம்புகள் பயன்பட்டன. தற்போது பெரும்பாலும் மையவிலக்குப் பம்புகளே பயன்படுகின்றன. சில வகைகளில் சுழலும் பகுதி காந்த விசையால் எதையும் தொடாமல் மிதந்து சுழல்கின்றது. இதனால் உராய்வும் வெப்பமும் குறைந்து, குருதி அணுக்கள் சிதைவது குறைகின்றது. பெரியவர்களில் நிமிடத்துக்கு 3 முதல் 6 லிட்டர் வரை குருதி இப்பம்பின் வழியாகச் செல்கின்றது.

சவ்வு ஆக்சிசனேற்றி: இது செயற்கை நுரையீரல் ஆகும். பாலிமெத்தில்பென்டீன் என்னும் பல்லுறுப்பியால் ஆன ஆயிரக்கணக்கான மெல்லிய உள்ளீடற்ற இழைகள் இதனுள் அடுக்கப்பட்டுள்ளன. இழைகளின் உள்ளே ஆக்சிசன் கலந்த வளியும், வெளியே குருதியும் செல்கின்றன. இரண்டும் நேரடியாகக் கலப்பதில்லை. இழைச் சுவரின் வழியாக ஆக்சிசன் குருதிக்குள்ளும், கார்பன் டை ஆக்சைடு வளிக்குள்ளும் பரவுகின்றன. பெரியவர்களுக்கான ஆக்சிசனேற்றியின் சவ்வுப் பரப்பு சுமார் 2 சதுர மீட்டர் ஆகும். மனித நுரையீரலின் பரப்பு இதைப் போலப் பல பத்து மடங்கு பெரியது என்பது குறிப்பிடத்தக்கது.

வெப்பமாற்றி: உடலுக்கு வெளியே செல்லும் குருதி வெப்பத்தை இழக்கின்றது. எனவே திரும்பிச் செல்லும் முன் அதன் வெப்பநிலை சீராக்கப்படுகின்றது.

கண்காணிப்புக் கருவிகள்: குருதியோட்டத்தின் அளவு, சுற்றின் பல இடங்களில் உள்ள அழுத்தம், காற்றுக் குமிழிகள் ஆகியவை தொடர்ந்து கண்காணிக்கப்படுகின்றன. ஆக்சிசனேற்றிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் வேறுபாடு கூடிக்கொண்டே போனால், உள்ளே குருதி உறைந்து அடைப்பு ஏற்பட்டு வருகின்றது எனக் கொள்ளலாம். மின்சாரமோ மோட்டாரோ செயலிழந்தால் பம்பைக் கையால் சுழற்றுவதற்கான கைப்பிடியும் நோயாளியின் அருகிலேயே வைக்கப்பட்டிருக்கும்.

ஆக்சிசன் அளவும் குருதியோட்டமும்

எக்மோவுக்கு இவ்வளவு பெரிய குழல்களும் மிகுந்த குருதியோட்டமும் ஏன் தேவைப்படுகின்றன என்பதை ஒரு எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மி.லி. ஆக்சிசனைச் சுமக்கும். ஒரு லிட்டர் குருதியில் 150 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால், அது முழுமையாக நிறைவுற்ற நிலையில் சுமார் 200 மி.லி. ஆக்சிசனைக் கொண்டிருக்கும். சிரைக் குருதி திரும்பி வரும்போது சுமார் 75% நிறைவுடன், அதாவது லிட்டருக்கு 150 மி.லி. ஆக்சிசனுடன் வருகின்றது. எனவே ஆக்சிசனேற்றி ஒவ்வொரு லிட்டரிலும் 50 மி.லி. ஆக்சிசனை மட்டுமே கூடுதலாகச் சேர்க்க இயலும்.

ஓய்வில் இருக்கும் ஒரு பெரியவரின் உடல் நிமிடத்துக்குச் சுமார் 250 மி.லி. ஆக்சிசனைப் பயன்படுத்துகின்றது. இதனை முழுவதும் கருவியின் மூலமே அளிக்க வேண்டுமானால் நிமிடத்துக்கு 5 லிட்டர் குருதி சுற்றில் ஓட வேண்டும். ஹீமோகுளோபின் லிட்டருக்கு 100 கிராமாகக் குறைந்திருந்தால், அதே 5 லிட்டரில் சுமார் 168 மி.லி. ஆக்சிசனையே சேர்க்க இயலும். நோயாளியின் ஹீமோகுளோபின் அளவு கவனிக்கப்படுவதற்கும், சில வேளைகளில் குருதி ஏற்றப்படுவதற்கும் இதுவே காரணமாகும்.

கார்பன் டை ஆக்சைடின் நிலை வேறு. அது ஆக்சிசனைவிட மிக எளிதாகப் பரவக்கூடியது. எனவே அதை நீக்கக் குறைந்த குருதியோட்டமே போதும்; இழைகளுக்குள் செல்லும் வளியின் வேகத்தைக் கூட்டினால் அது விரைவாக வெளியேறும். சுருங்கக் கூறின், ஆக்சிசன் அளவைக் குருதியோட்டமும், கார்பன் டை ஆக்சைடு அளவை வளியோட்டமும் தீர்மானிக்கின்றன.

வகைகள்

சிரை-சிரை எக்மோ: இதில் குருதி ஒரு சிரையில் இருந்து எடுக்கப்பட்டு, ஆக்சிசனேற்றப்பட்ட பின் மீண்டும் சிரைக்கே அனுப்பப்படுகின்றது. இவ்வகை நுரையீரலுக்கு மட்டுமே துணை புரிகின்றது. குருதியை உடலெங்கும் அனுப்பும் வேலையை நோயாளியின் இதயமே செய்ய வேண்டும். திருப்பி அனுப்பப்பட்ட குருதியின் ஒரு பகுதியை வெளியேற்றக் குழல் மீண்டும் உறிஞ்சிக்கொள்வது இவ்வகையின் குறைபாடு ஆகும். இதனைத் தவிர்க்கக் குழல்களின் முனைகள் ஒன்றுக்கொன்று தொலைவில் அமைக்கப்படுகின்றன. இரண்டு அறைகளைக் கொண்ட ஒரே குழலைக் கழுத்துச் சிரையின் வழியாகச் செலுத்தும் முறையும் உள்ளது. இம்முறையில் தொடையில் குழல் இல்லாததால், விழிப்புடன் இருக்கும் நோயாளி எழுந்து நடக்கவும் இயலும்.

சிரை-தமனி எக்மோ: இதில் சிரையில் இருந்து எடுக்கப்பட்ட குருதி தமனிக்குள் செலுத்தப்படுகின்றது. இதயம், நுரையீரல் ஆகிய இரண்டின் வேலையையும் கருவி ஏற்றுக்கொள்கின்றது. தொடைத் தமனியின் வழியாகச் செலுத்தும்போது, குருதி பெருந்தமனியில் இயல்புக்கு எதிர்த்திசையில் மேல்நோக்கிச் செல்கின்றது. ஏற்கெனவே வலுவிழந்த இதயம் இந்த ஓட்டத்தை எதிர்த்தே குருதியை வெளித்தள்ள வேண்டியிருப்பதால், அதன் இடக் கீழறை வீங்கி, நுரையீரலில் நீர் கோக்கும் இடர் உண்டு. அதைத் தவிர்க்க இடக் கீழறையின் சுமையைக் குறைக்கும் வேறு கருவிகள் சேர்த்துப் பயன்படுத்தப்படுவதுண்டு.

இவ்வகையில் மற்றொரு சிக்கலும் உண்டு. இதயம் ஓரளவு மீண்டு, நுரையீரல் இன்னும் மீளாத நிலையில், இதயம் வெளித்தள்ளும் ஆக்சிசன் குறைந்த குருதி மூளைக்கும் வலக்கைக்கும் செல்ல, கருவி அனுப்பும் ஆக்சிசன் நிறைந்த குருதி கால்களுக்கும் வயிற்றுக்கும் மட்டும் செல்லும். கால் விரலில் அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். மூளையோ ஆக்சிசன் இன்றித் தவிக்கும். இதனாலேயே சிரை-தமனி எக்மோவில் ஆக்சிசன் அளவு நோயாளியின் வலக்கையில் அளக்கப்படுகின்றது.

இதய நிறுத்தத்தின்போது எக்மோ: இதயம் நின்றுபோய், மார்பு அழுத்த முதலுதவியாலும் மின்னதிர்ச்சியாலும் மீளாத நிலையில், அழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே சிரை-தமனி எக்மோ பொருத்தப்படுவதுண்டு. இதில் ஒவ்வொரு நிமிடத் தாமதமும் மூளையின் மீட்சியைப் பாதிக்கின்றது.

வரலாறு

எக்மோவின் முன்னோடி இதய-நுரையீரல் கருவி ஆகும். 1930களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரில், நுரையீரல் தமனி அடைப்பால் இறந்துகொண்டிருந்த ஒரு நோயாளியைக் கவனித்துவந்த இளம் மருத்துவர் சான் கிப்பன், குருதியை உடலுக்கு வெளியே ஆக்சிசனேற்ற இயலுமா என எண்ணத் தொடங்கினார். அவரும் அவருடைய மனைவி மேரி கிப்பனும் பல ஆண்டுகள் இணைந்து ஆய்வு செய்தனர். 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில், 18 வயதுப் பெண் ஒருவரின் இதய மேலறைச் சுவரில் இருந்த துளையை, தாம் உருவாக்கிய கருவியின் துணையுடன் கிப்பன் வெற்றிகரமாக மூடினார்.

அக்காலக் கருவிகளில் குருதியும் ஆக்சிசனும் நேரடியாகத் தொடர்பு கொண்டன. இதனால் குருதி அணுக்களும் புரதங்களும் சிதைந்தன. சில மணி நேரத்துக்கு மேல் கருவியை இயக்க இயலவில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு சவ்வு தேவை என்பது உணரப்பட்டது. செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கிய வில்லெம் கோல்ஃப், அக்கருவியின் செலோபேன் சுருள்களின் வழியாகச் செல்லும் குருதி ஆக்சிசனைப் பெற்றுச் சிவப்பதை 1944 இல் பதிவு செய்திருந்தார். 1950களின் இறுதியில் வளிகளை எளிதில் கடத்தும் சிலிக்கோன் இரப்பர் பயன்பாட்டுக்கு வந்தது. 1960களில் தியோடர் கோலோபோவ் சிலிக்கோன் சவ்வைச் சுருளாகச் சுற்றிய செயற்கை நுரையீரலை உருவாக்கினார். குருதி உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின், 1916 இல் கண்டறியப்பட்டது, இம்முயற்சிகள் அனைத்துக்கும் அடிப்படையாக அமைந்தது.

1971 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சாலை விபத்தில் படுகாயமுற்று நுரையீரல் செயலிழந்த 24 வயது இளைஞர் ஒருவருக்கு, டொனால்டு ஹில் தலைமையிலான குழுவினர் சவ்வு ஆக்சிசனேற்றியை மூன்று நாட்கள் இயக்கினர். அவர் உயிர் பிழைத்தார். நீண்ட நேர எக்மோவின் முதல் வெற்றியாக இது கருதப்படுகின்றது.

1975 இல் கலிபோர்னியாவில், பிறந்தபோது முதல் மலத்தை மூச்சுடன் உள்ளிழுத்ததால் நுரையீரல் செயலிழந்த ஒரு குழந்தைக்கு ராபர்ட் பார்ட்லெட் எக்மோ அளித்தார். தாய் விட்டுச் சென்றிருந்த அக்குழந்தைக்கு, நம்பிக்கை எனப் பொருள்படும் எசுப்பானியச் சொல்லைச் செவிலியர் பெயராக இட்டனர். அக்குழந்தை பிழைத்து வளர்ந்தது. பச்சிளங் குழந்தைகளுக்கான எக்மோ இதிலிருந்தே பரவலாயிற்று. பார்ட்லெட் எக்மோவின் தந்தை எனப் போற்றப்படுகின்றார். 1989 இல் எல்சோ எனச் சுருக்கமாக அறியப்படும் புறவுடல் உயிர்காப்பு அமைப்பு நிறுவப்பட்டது. உலகெங்கும் உள்ள மருத்துவ மையங்கள் தத்தம் நோயாளிகளின் விவரங்களை இதன் பதிவேட்டில் சேர்த்து வருகின்றன.

ஆய்வுகள்

எக்மோ உண்மையில் உயிர்களைக் காக்கின்றதா என்பது அரை நூற்றாண்டாக விவாதிக்கப்பட்டு வரும் கேள்வியாகும்.

பெரியவர்களில் நடத்தப்பட்ட முதல் பெரிய ஆய்வின் முடிவு 1979 இல் அமெரிக்காவில் வெளியானது. அதில் பங்கேற்ற 90 பேரில் எக்மோ பெற்ற 42 பேரில் 4 பேரும், வழக்கமான சிகிச்சை பெற்ற 48 பேரில் 4 பேரும் மட்டுமே பிழைத்தனர். இதனால் பெரியவர்களுக்கான எக்மோ பல ஆண்டுகள் பெரும்பாலும் கைவிடப்பட்டது. எக்மோவில் இருந்த நோயாளிகளுக்கும் வென்டிலேட்டர் உயர் அழுத்தத்திலேயே இயக்கப்பட்டு வந்ததால், நுரையீரலுக்கு ஓய்வே கிடைக்கவில்லை என்பது பின்னர் சுட்டிக்காட்டப்பட்டது.

பச்சிளங் குழந்தைகளில் நிலைமை வேறாக இருந்தது. 1985 இல் வெளியான பார்ட்லெட்டின் ஆய்வில், வெற்றி தரும் சிகிச்சைக்கு அடுத்த நோயாளி ஒதுக்கப்படும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும் வகையில் சீட்டு முறை அமைக்கப்பட்டது. எக்மோ பெற்ற 11 குழந்தைகளும் பிழைத்தன. வழக்கமான சிகிச்சை பெற்ற ஒரே குழந்தை இறந்தது. ஒரே ஒரு குழந்தையுடன் ஒப்பிட்டு முடிவு காண்பது புள்ளியியல்படி போதாது என்றனர் சிலர். தெரிந்தே மேலும் குழந்தைகளைக் குறைவான வாய்ப்புக்கு உட்படுத்தலாமா என வினவினர் வேறு சிலர். இவ்விவாதம் மருத்துவ ஆய்வுகளின் அறநெறியில் இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றது. 1996 இல் பிரித்தானியாவில் 185 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு இக்கேள்விக்கு விடை அளித்தது. எக்மோவுக்கு ஒதுக்கப்பட்ட 93 குழந்தைகளில் 30 குழந்தைகளும், மற்ற 92 குழந்தைகளில் 54 குழந்தைகளும் இறந்தன.

பெரியவர்களுக்கான எக்மோ 2009 இல் மீண்டும் கவனம் பெற்றது. சீசர் எனப்படும் பிரித்தானிய ஆய்வில், லெஸ்டர் நகர மையத்துக்கு எக்மோவை எண்ணி அனுப்பப்பட்டவர்களில் 63% பேரும், மற்றவர்களில் 47% பேரும் ஆறு மாதங்களுக்குப் பின் கடும் உடற்குறை இன்றி உயிருடன் இருந்தனர். ஆயினும் எக்மோ பிரிவில் இருந்த 90 பேரில் 68 பேருக்கே உண்மையில் எக்மோ அளிக்கப்பட்டது. எனவே பயன் தந்தது கருவியா, தேர்ந்த மையத்தின் கவனிப்பா என்னும் ஐயம் எஞ்சியது. அதே ஆண்டு பரவிய எச்1என்1 காய்ச்சலின்போது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எக்மோ பெற்ற 68 பேரில், ஆய்வறிக்கை வெளியான காலம் வரை 14 பேர் இறந்திருந்தனர்.

2018 இல் வெளியான ஈயோலியா ஆய்வில் 249 பேர் பங்கேற்றனர். 60 நாட்களுக்குள் எக்மோ பிரிவில் 35% பேரும், மற்ற பிரிவில் 46% பேரும் இறந்தனர். இவ்வேறுபாடு புள்ளியியல் வரம்பை எட்டவில்லை. எனினும், மற்ற பிரிவில் நிலைமை மோசமான 28% பேருக்கு இறுதியில் எக்மோ அளிக்கப்பட்டது. இது முடிவைப் புரிந்துகொள்வதைச் சிக்கலாக்கியது.

இதயத்துக்கான எக்மோவில் முடிவுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. 2020 இல் மினியாபோலிஸ் நகரில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களிடம் நடத்தப்பட்ட சிறிய ஆய்வில், எக்மோ பிரிவின் 14 பேரில் 6 பேரும், வழக்கமான சிகிச்சை பெற்ற 15 பேரில் ஒருவரும் பிழைத்து வீடு திரும்பினர். 2023 இல் நெதர்லாந்தில் பல மையங்களில் நடந்த ஆய்விலோ, நல்ல மூளைத் திறனுடன் பிழைத்தவர்கள் முறையே 20%, 16% மட்டுமே. அதே ஆண்டு, மாரடைப்பால் குருதியோட்டம் வீழ்ச்சியுற்றோரிடம் ஜெர்மனியில் முதன்மையாக நடத்தப்பட்ட ஆய்வில், 30 நாட்களில் இரு பிரிவுகளிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர். எக்மோ பிரிவில் குருதிப்போக்கு கூடுதலாக இருந்தது.

யாருக்குப் பயன்படுகின்றது

நுரையீரல் அழற்சி, கடும் மூச்சுத்திணறல் கூட்டறிகுறி, நுரையீரல் மாற்று அறுவைக்கான காத்திருப்பு, கடும் ஆஸ்துமா போன்றவற்றில் சிரை-சிரை எக்மோ பயன்படுகின்றது. மாரடைப்பு, இதயத்தசை அழற்சி, இதய அறுவைக்குப் பின் இதயம் இயங்காமை, சில வகை நஞ்சுகளும் மருந்து மிகையும், உடல் வெப்பநிலை மிகவும் தாழ்தல் ஆகியவற்றில் சிரை-தமனி எக்மோ பயன்படுகின்றது.

நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தல், தசை தளர்த்தும் மருந்துகள் போன்ற எளிய முறைகள் முதலில் முயலப்படுகின்றன. அவை பயனளிக்காதபோதே எக்மோ எண்ணிப் பார்க்கப்படுகின்றது. ஆயினும் மிகவும் தாமதித்துத் தொடங்குவதும் பயனற்றது. உயர் அழுத்தத்தில் பல நாட்கள் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் நுரையீரல் மீளும் வாய்ப்புக் குறைந்துவிடுகின்றது.

மீள இயலாத நோய் உடையவர்களுக்கும், மாற்று உறுப்புக்குத் தகுதி பெறாதவர்களுக்கும், மூளையில் கடுமையான குருதிக்கசிவு உள்ளவர்களுக்கும் பொதுவாக எக்மோ தவிர்க்கப்படுகின்றது. பெருந்தமனி வால்வு கடுமையாகக் கசிபவர்களுக்குச் சிரை-தமனி எக்மோ பொருந்தாது.

பராமரிப்பும் சிக்கல்களும்

எக்மோ நோயாளியைக் கவனிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவர், அறுவை மருத்துவர், பயிற்சி பெற்ற செவிலியர், குருதியோட்டக் கருவி வல்லுநர், இயன்முறை மருத்துவர் ஆகியோர் அடங்கிய குழு இரவும் பகலும் தேவைப்படுகின்றது. வென்டிலேட்டர் பொதுவாக முற்றிலும் நீக்கப்படுவதில்லை. குறைந்த அழுத்தத்தில் தொடர்கின்றது.

சிக்கல்களில் முதன்மையானது குருதிப்போக்கு ஆகும். செயற்கைப் பரப்புகளைத் தொடும் குருதி உறைய முற்படுகின்றது. அதைத் தடுக்க ஹெப்பாரின் போன்ற மருந்துகள் அளிக்கப்படுகின்றன. அம்மருந்தே உடலின் பிற இடங்களில் குருதிப்போக்கை உண்டாக்கக்கூடும். மருந்து குறைந்தால் உறைகட்டி, கூடினால் குருதிக்கசிவு என்னும் இருபுற இடருக்கு நடுவிலேயே இச்சிகிச்சை நடைபெறுகின்றது. குருதித் தட்டுக்களின் எண்ணிக்கை குறைவதும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றது. மூளைக்குள் ஏற்படும் குருதிக்கசிவே மிகவும் அஞ்சப்படுவதாகும்.

சிறுநீரகச் செயலிழப்பு, நோய்த்தொற்று, பக்கவாதம், சிவப்பணுச் சிதைவு ஆகியவையும் ஏற்படலாம். தொடைத் தமனியில் செருகிய குழல் காலுக்குச் செல்லும் குருதியைத் தடுக்கக்கூடும். எனவே காலை நோக்கிக் குருதியைச் செலுத்தச் சிறிய துணைக் குழல் ஒன்று வைக்கப்படுகின்றது. ஆக்சிசனேற்றி அடைத்துக்கொள்ளுதல், பம்பு நின்றுபோதல், சுற்றுக்குள் காற்றுப் புகுதல், குழல் விலகுதல் ஆகியவை கருவி சார்ந்த சிக்கல்களாகும். இவை அரிதானவை எனினும், சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடியவை.

கருவியில் இருந்து விடுவித்தல்

நோயாளி தேறிவருகின்றாரா என்பதை அறிய, கருவியின் உதவி படிப்படியாகக் குறைக்கப்படுகின்றது. சிரை-சிரை வகையில், குருதியோட்டத்தைத் தொடரவிட்டு, ஆக்சிசனேற்றிக்குச் செல்லும் வளி மட்டும் நிறுத்தப்படுகின்றது. பல மணி நேரம் நோயாளியின் சொந்த நுரையீரல் தாங்கினால் குழல்கள் அகற்றப்படுகின்றன. சிரை-தமனி வகையில் குருதியோட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, எக்கோ ஸ்கேன் மூலம் இதயத்தின் இயக்கம் கவனிக்கப்படுகின்றது.

எல்சோ பதிவேட்டின்படி, நுரையீரல் நோய்க்காக எக்மோ பெறும் பச்சிளங் குழந்தைகளில் ஏறத்தாழ நால்வரில் மூவரும், பெரியவர்களில் பத்தில் அறுவரும் மருத்துவமனையில் இருந்து உயிருடன் வெளியேறுகின்றனர். இதய நோய்க்காகப் பெறும் பெரியவர்களில் இது பாதிக்கும் குறைவு. இதய நிறுத்தத்தின்போது பெறுவோரில் ஏறத்தாழப் பத்தில் மூவரே பிழைக்கின்றனர். பிழைத்தவர்களும் தசைத் தளர்ச்சி, மறதி, மனச்சோர்வு ஆகியவற்றில் இருந்து மீளப் பல மாதங்கள் ஆகலாம்.

அறநெறிச் சிக்கல்கள்

எக்மோவை மருத்துவர்கள் ஒரு பாலத்துக்கு ஒப்பிடுவர். பாலத்தின் மறுகரையில் உறுப்பின் மீட்சியோ, மாற்று உறுப்போ, நிலையான இதயத் துணைக்கருவியோ இருக்க வேண்டும். மறுகரையே இல்லை எனத் தெரியவரும்போது கடினமான நிலை உருவாகின்றது. நுரையீரல் முற்றிலும் அழிந்துவிட்ட ஒருவர், மாற்று உறுப்புப் பெற இயலாத நிலையில், விழிப்புடனும் பேசும் திறனுடனும் கருவியில் வாழ்ந்துகொண்டிருக்கக்கூடும். கருவியை நிறுத்தினால் அவர் இறந்துவிடுவார். தொடர்ந்தாலும் சிக்கல்களால் என்றேனும் இறப்பார். இந்நிலையில் முடிவெடுப்பது யார் என்பதற்கு எளிய விடை இல்லை. எனவே கருவியைப் பொருத்தும் முன்பே, எதற்காகப் பொருத்தப்படுகின்றது, எந்நிலையில் நிறுத்தப்படும் என்பவற்றைக் குடும்பத்தினரிடம் எடுத்துரைக்க வேண்டும் என வலியுறுத்தப்படுகின்றது.

கருவிகளும் பயிற்சி பெற்றோரும் குறைவாக இருப்பதால், பங்கீடு குறித்த கேள்வியும் எழுகின்றது. கோவிட்-19 பெருந்தொற்றின்போது இது கூர்மையடைந்தது. எல்சோ பதிவேட்டை ஆராய்ந்த ஓர் ஆய்வின்படி, தொற்றின் தொடக்கம் முதல் எக்மோ அளித்துவந்த மையங்களில், 2020 மே 1 ஆம் நாளுக்கு முன் சுமார் 37% ஆக இருந்த இறப்பு, அதன் பின்னர் சுமார் 52% ஆக உயர்ந்தது.

தமிழ்நாட்டில் எக்மோ

தமிழ்நாட்டில் இச்சொல் பரவலாக அறிமுகமானது 2016 டிசம்பரில் ஆகும். அப்போதைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவுக்கு டிசம்பர் 4 அன்று சென்னையில் மருத்துவமனையில் இருந்தபோது இதய நிறுத்தம் ஏற்பட்டதைத் தொடர்ந்து எக்மோ பொருத்தப்பட்டது. அவர் டிசம்பர் 5 அன்று காலமானார். 2020 ஆகஸ்டில் கோவிட்-19 நோயால் சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பின்னணிப் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம், வென்டிலேட்டர், எக்மோ ஆகியவற்றின் உதவியுடன் பல வாரங்கள் சிகிச்சை பெற்றார். செப்டம்பரில் அவர் உடலில் தொற்று இல்லை எனச் சோதனையில் தெரிந்த பின்னரும் கருவியின் உதவி தொடர்ந்தது. அவர் செப்டம்பர் 25 அன்று காலமானார். தொற்று நீங்குவதும் நுரையீரல் மீள்வதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதை இது காட்டுகின்றது.

இவ்விரு நிகழ்வுகளாலும், எக்மோ என்றாலே இறப்பு உறுதி என்றும், இறந்தவரை உயிருடன் இருப்பதாகக் காட்டும் கருவி என்றும் இருவேறு தவறான எண்ணங்கள் பரவின. முதலாவது எண்ணம், மேற்கூறிய பதிவேட்டு விவரங்களுக்கு முரணானது. இரண்டாவது எண்ணத்துக்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. சிரை-தமனி எக்மோவில் இதயம் நின்றிருந்தாலும் குருதி ஓடிக்கொண்டிருக்கும். எனவே இதயத் துடிப்பையோ மூச்சையோ மட்டும் கொண்டு உயிரைத் தீர்மானிக்க இயலாது. இத்தகைய நோயாளிகளில் மூளைத் தண்டின் செயல்கள் தனியே சோதிக்கப்படுகின்றன. கார்பன் டை ஆக்சைடு உடலில் சேரும்படி வளியோட்டத்தைக் குறைத்து, நோயாளி தானாக மூச்சுவிட முயல்கின்றாரா என்று பார்ப்பதும் அச்சோதனைகளில் ஒன்றாகும். மூளைச் சாவு உறுதியான பின் எக்மோவைத் தொடர்வதால் அவரை மீட்க இயலாது. மூளை உயிருடன் உள்ளவரை, எக்மோவில் இருப்பவர் சிகிச்சை பெறும் நோயாளியே ஆவார்.

இவற்றையும் பார்க்கவும்

செயற்கைச் சுவாசக் கருவி
இதய-நுரையீரல் கருவி
நுரையீரல் மாற்று அறுவை
ஹீமோகுளோபின்
மூளைச் சாவு